ஆயில் சுத்தமாக வந்த ஞாயிறு

போன வாரம் காலை நடை முடிந்து டீக்கடை முன்னால் நின்றபோது நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கேலி செய்தீர்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அறுபதைத் தாண்டிய ஒருத்தி, முழங்காலில் பட்டை மாட்டிக்கொண்டு, பில்டிங் வாசலில் கோணியை விரித்துத் தன் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. மாட்டுங்காவிலிருந்து நம்மோடு நடக்க வரும் வங்கிக்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

"எதுக்கு இந்த வயசுல காருக்கு அடியில போய்ப் படுத்துக்கறேள்? போன்ல சொன்னா ஆளே ஆத்து வாசலுக்கு வந்து ஆயில் மாத்திட்டுப் போறான்."

நானும் விடாமல் பதில் சொன்னேன். நானே மாற்றினால் எந்த ஆயில் உள்ளே போகிறது என்று எனக்குத் தெரியும். ஃபில்டரை நிஜமாகவே மாற்றினானா, பழையதைத் துடைத்துத் திரும்ப மாட்டினானா என்ற சந்தேகம் இருக்காது. அடியில் படுப்பவருக்குத்தான் எங்கே கசிகிறது, எந்த ரப்பர் வெடித்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். வடிகிற ஆயிலின் நிறத்தைப் பார்த்தால் என்ஜின் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆயில் தொட்டியின் அடியில் இருக்கிற பிளக்கை என் கையால் இறுக்கியிருக்கிறேன் என்ற நிம்மதியோடு வண்டியை எடுக்கலாம். இத்தனைக்கும் மேல், அம்பர்நாத்துக்கு மகளைப் பார்க்கப் போக வேண்டும், அவ்வளவு தூரம் போகிற வண்டி நன்றாக இருக்க வேண்டாமா என்றும் கேட்டேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். பேச்சு சர்க்கரைக்கும் முட்டி வலிக்கும் மாறிவிட்டது.

நான் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. டீக்கடை முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது. நீங்கள் என் வயதுக்காரர்கள், டிராம் ஓடிய பம்பாயைக்கூட உங்களில் ஒன்றிரண்டு பேர் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது புரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. இதே திலக் நகரில், நான்கு மாடி ஹவுசிங் போர்டு கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இருந்தோம். அப்பாவுக்குச் செம்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. அப்பாவின் மேலதிகாரி ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது தன் பழைய காரை அப்பாவிடம் தள்ளிவிட்டார். பால் நிறம், முன்பக்கம் கொஞ்சம் நசுங்கல். எங்கள் கட்டடத்துக்கு அதுதான் முதல் கார். மாலையில் பிள்ளைகள் எல்லோரும் வந்து அதன் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பார்கள். நான் கொஞ்சம் தள்ளி, முதலாளி மாதிரி நிற்பேன்.

அந்த வருடம் பள்ளி விடுமுறையில் சித்திக்கு, அதாவது அம்மாவின் ஒரே தங்கைக்கு, ஊரில் கல்யாணம். திருநெல்வேலிப் பக்கம். அம்மாவைப் பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால் சித்தியைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தது அம்மாதான். முகூர்த்தத்தன்று அக்கா வந்துதான் எனக்குப் பூச்சடை தைக்க வேண்டும், வேறு யார் கையும் என் தலையில் படக்கூடாது என்று சித்தி சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா மாட்டுங்கா மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி, சடையின் நுனியில் கட்டும் சிவப்புப் பட்டுக் குஞ்சலம் ஒன்று வாங்கினாள். மூன்று மொட்டு வைத்த குஞ்சலம். அதைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் ரயிலில் போவார்கள். அப்பா காரில் போகலாம் என்றார். மாமாக்களுக்கும் அப்படியே சொல்லி அனுப்பிவிட்டார். பம்பாயிலிருந்து மூத்த மாப்பிள்ளை காரில் வருகிறார் என்று ஊரில் தெருவெல்லாம் பேச்சாம். புறப்படுவதற்கு முந்தின நாள், தூரப் பயணம் என்று பக்கத்து கராஜில் கொடுத்து ஆயில் மாற்றிக்கொண்டு வந்தார். மாற்றியவன் பிளக்கைக் கையால் திருகிவிட்டு ஸ்பானர் போட்டு இறுக்க மறந்துவிட்டான் என்பது யாருக்கும் தெரியாது.

கண்டாலா மலைப்பாதையில் ஏறும்போது நான் பின் சீட்டில் படுத்திருந்தேன். அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க, ஸ்டீரிங் பக்கத்துல என்னமோ லைட்டு செவப்பா எரியுதே."

"வயர் லூசா இருக்கும். அது அப்பிடித்தான் எரியும்."

"நிறுத்திப் பாத்துட்டுப் போவமே."

"ஏறும்போது நிறுத்தக் கூடாது. நீ சும்மா வா."

கொஞ்ச தூரம் போனோம். அப்புறம் இரும்புச் சட்டியைக் கருங்கல்லில் இழுத்தது போல ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. அம்மா இறங்கிப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் ஏறி வந்த வழி முழுக்க ஒரு கறுப்புக் கோடு. பிளக் எங்கோ கழன்று விழுந்து, ஆயில் அத்தனையும் ரோட்டில் கொட்டி, என்ஜின் இறுகிப் போயிருந்தது. ஆயில் இறங்கினால் எரியும் விளக்குதான் அது.

ஒரு லாரிக்காரர் கயிறு கட்டிப் புனே வரை இழுத்து வந்தார். அங்கே ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு டயர் மேல் அம்மா உட்கார்ந்தாள். "நானும் புள்ளயும் ரயில்ல போயிடுதோம், நீங்க பெறகு வாங்க" என்றாள். "காலைல ரெடியாயிரும், கார்லயே போயிருவோம்" என்றார் அப்பா. மறுநாள் காலையும் அதையே சொன்னார். காரை விட்டுவிட்டு ரயில் ஏறுவது அவருக்கு ஆகவில்லை. கடைசியில் ஏறினோம், முன்பதிவு இல்லாத பெட்டியில், கழிவறைப் பக்கம். அம்மா வழி முழுக்கக் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கட்டிய வாழை மரங்கள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, சித்தி மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டாள். முகூர்த்தம் நெருங்கும் வரை அவள் விரித்த தலையோடு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் யாரோ அவசரமாக அள்ளிக் கொண்டை போட்டுப் பூவைச் சுற்றி விட்டிருக்கிறார்கள். அந்தக் கல்யாண போட்டோவை அப்புறம் பார்த்திருக்கிறேன். மணமேடையில் சடை இல்லாத ஒரே கல்யாணப் பெண் எங்கள் சித்திதான்.

பெரிய மாமா அப்பாவிடம் சத்தமாக எதுவும் சொல்லவில்லை. "மாப்ள கார்ல வாராவன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருந்தோம்" என்றார், அவ்வளவுதான். எனக்குப் பள்ளி திறக்கப் போகிறது, நாங்கள் கிளம்ப வேண்டும். அம்மா உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. "நான் இருந்துட்டு வாரேன்" என்று உள்ளிருந்தே சொன்னாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்த வீட்டில் கோபித்துக்கொண்டு தங்கிவிட்டவள் தானாகத் திரும்பக் கூடாது. புருஷன் வந்து கூப்பிட வேண்டும். அவள் ரோஷமும் அவளை வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளின் மரியாதையும் அதில்தான் இருக்கிறது. பெரிய மாமா வாசல் வரை வந்து அதைச் சொல்லிவிட்டார்.

"முறையா வந்து கூப்பிடுங்க. அனுப்பி வைக்கோம்."

அப்பா வாசற்படியில் நின்றார். "கார்ல வந்து கூப்பிட்டுப் போறேன்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு மாதம் கழித்து ரயிலில் போய் நின்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். யாரும் காரைக் கேட்கவில்லை.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. புனேயில் என்ஜினைப் பிரித்துக் கட்டி, கார் திரும்பி வந்தது. அப்பா அதைக் கட்டடத்துப் பின்பக்கம், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தி, நான்கு மூலையிலும் கயிறு கட்டித் தார்ப்பாய் போட்டார். என்ஜினைக் கட்டியவர் சொல்லியனுப்பியிருந்தார்: புதிதாகப் போட்ட உள்பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது இரும்புத் தூள் ஆயிலில் இறங்கும், அதனால் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள் என்று. அப்பா இனி எந்த கராஜுக்கும் வண்டியைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து ஆயில் மாற்றுவது அவர் வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை.

காலையில் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார், சூடான ஆயில்தான் நன்றாக வடியும். முன் சக்கரங்களைச் சரிவான இரண்டு மரக்கட்டைகளில் ஏற்றுவார், பின் சக்கரங்களுக்குச் செங்கல் வைப்பார். பிறகு சமையலறைக்கு வந்து அம்மா அரிசி களையும் அகலமான அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு போவார். அந்தச் சட்டியை அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து நிலா மாதிரி வைத்திருப்பாள். அதில் கறுப்பு ஆயில் விழுவதைப் பார்த்தபோதுதான் அம்மா இப்போதைக்கு வரமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

பிளக்கைத் திருகியதும் ஆயில் முதலில் தடியாக, வேகமாக விழும். பிறகு கயிறு மாதிரி ஆகும். பிறகு நூல். கடைசியில் சொட்டு. அந்தச் சொட்டு நிற்கும் வரை அப்பா அடியிலேயே படுத்திருப்பார், அவசரமே பட மாட்டார். நான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவருடைய இரண்டு பாதம் மட்டும் தெரியும். தார்ப்பாய் மேல் மழை விழுந்துகொண்டே இருக்கும்.

வீட்டுக்குள் அப்பா பேசமாட்டார். சோறு வடிப்பார், என் தட்டில் போடுவார், ரேடியோவைப் போடுவார், அணைப்பார். சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வரும் வரை நான் கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு மூன்றாவது மாடி ஜன்னலில் நிற்பேன். ஹார்பர் ரயில் போகும்போதெல்லாம் அதில் அம்மா இருக்கலாம் என்று நினைப்பேன், ஊர் ரயில் தாதருக்குத்தான் வரும் என்று தெரிந்தும். எத்தனையோ சாயங்காலம் ஒரு வார்த்தை பேசாமல் தூங்கியிருக்கிறேன். ஆனால் காருக்கு அடியில் போய்விட்டால் அப்பாவுக்கு வாய் வரும். முகம் தெரியாத இடத்திலிருந்து பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்பார். தான் சின்ன வயதில் வாய்க்காலில் நீந்தியதைச் சொல்வார். அதனால் அந்த ஞாயிறுகளுக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அந்த மழைக்காலத்தில் எனக்கென்று இருந்த பேச்சு அவ்வளவுதான்.

முதல் தடவை ஆயில் வடிந்ததும் அவர் வெளியே வந்து, சட்டிக்குள் விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கறுப்புக்குள் வெள்ளி மாதிரி மினுமினுவென்று தூள்.

"பாத்தியா, இரும்பு. இந்த மினுக்கு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. என்னைக்கு இது இல்லாம வருதோ அன்னைக்கு வண்டி ரெடி."

"ரெடியானா?"

"அம்மைய கூப்பிடப் போவோம்."

அவ்வளவுதான், எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் பார்ப்பதற்கு முன்னால் நான் சட்டியைப் பார்த்தேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாற்றினார். இடையில் வண்டி ஸ்டேஷன் முக்கு வரை போய்த் திரும்பும், அதற்கு மேல் ஓடாது. மினுக்கு ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தது. நான் பள்ளிப் பிரார்த்தனையில் இரும்புத் தூளைப் பற்றி வேண்டிக்கொண்டேன். சாமிக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

அம்மா இல்லாததில் எனக்கு ரொம்பத் தெரிந்தது தலைமுடியில்தான். அப்பாவுக்குப் பின்னத் தெரியவில்லை. முயற்சி செய்தார். அவர் விரலில் எப்போதும் கிரீஸ் வாடை. பின்னல் பள்ளிக்குப் போவதற்குள் அவிழ்ந்துவிடும். ஒருநாள் படியில் என்னைப் பார்த்த கீழ்வீட்டு மராத்தி மாமி, நாங்கள் காகு என்போம், "ஏ பாளா, இக்டே யே" என்று கூப்பிட்டு உட்காரவைத்துப் பின்னிவிட்டாள். அதிலிருந்து தினமும் அவள்தான். நல்ல மனுஷி. ஆனால் இறுக்கிப் பின்னுவாள், கண் இழுத்துக்கொண்டு போகும். அம்மா பின்னினால் பின்னியதே தெரியாது.

கணபதி உற்சவத்துக்கு நகர் முழுக்க லைட் போட்டிருந்த ஞாயிறு அது. ஆயில் வடிந்தது. நான் சட்டியைப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். விரலை விட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தேன். ஆயில் கறுக்கக்கூட இல்லை, ஊற்றிய நிறத்திலேயே வந்திருந்தது. மினுக்கு ஒரு பொட்டு இல்லை.

"அப்பா, ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

இரண்டு பாதமும் அசையவில்லை.

"அப்பா, ரெடியாயிட்டு."

"இன்னொரு தடவ பாத்துருவோம்ட்டி" என்றார்.

அன்றைக்கு நான் அழவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அதற்கு அடுத்த தடவையும் சுத்தமாகத்தான் வந்தது. அப்போதும் இன்னொரு தடவை என்றார்.

எதிர்வீட்டு பாய்க்கு ஊர் தென்காசிப் பக்கம், அம்மா ஊருக்குக் கொஞ்ச தூரம்தான். தாராவியில் தோல் பை தைக்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பழைய ஆயிலை டப்பாவில் அவர் வாங்கிக்கொள்வார், ஒர்க்‌ஷாப்பின் மரப் பலகைகளில் கரையான் ஏறாமல் தடவ. அந்த ஞாயிறு டப்பாவை வாங்கியவர் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இது ஓடாத ஆயில்லா. இத எதுக்கு வடிச்சு ஊத்துதிய? மறுபடி வண்டியிலயே ஊத்தலாமே."

"வண்டி ரெடியாவணும் பாய்."

பாய் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். டப்பாவை மூடினார். கட்டடத்தில் அப்பாவுக்கு ஆயில் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அதற்குள் பேச்சு வந்துவிட்டது. கஞ்சன் என்று முதலில் சொன்னவர்கள்தான் ஊதாரி என்றும் சொன்னார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு நல்ல மழை. தார்ப்பாய் ஒரு பக்கம் தண்ணீர் கோத்துத் தொங்கியது. சொட்டு நிற்பதற்காக அப்பா அடியில் படுத்திருந்தார். நான் பேசுவதை விட்டிருந்தேன், அவரோடு கோபம். அவராகச் சொன்னார்.

"அன்னைக்கு ஒங்கம்ம சொன்னா."

"என்ன சொன்னா?"

"லைட்டு எரியுதுன்னு சொன்னா. நிறுத்தச் சொன்னா."

பிறகு துணி கேட்டார், கொடுத்தேன். பிளக்கைத் துடைத்து மாட்டும் சத்தம் கேட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது என்ன பெரிய விஷயம். எனக்கும் தெரியுமே, நானும் பின் சீட்டில் இருந்தேனே என்றுதான் நினைத்தேன். அவர் கராஜ்காரனை மன்னிக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் பயந்துகொண்டிருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வாசலில் போய் நின்றால் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கார் நன்றாக இருந்தால் அதுவே சொல்லிவிடும் என்று நம்பியிருக்கிறார்.

பெருநாளுக்கு பாய் குடும்பத்தோடு ஊருக்குப் போனார். அவர்கள் திரும்பி வந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. தார்ப்பாயைக் கழற்றிச் சுவரில் காயப்போட்டிருந்தோம். அப்பா வழக்கம்போல அடியில் இருந்தார். டாக்சி ஒன்று வந்து கட்டடத்து முன்பக்கம் நின்ற சத்தம் கேட்டது. பாய் வீட்டுப் பிள்ளைகள் ஓடிவரும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். அம்மா வந்துகொண்டிருந்தாள், கையில் தகரப் பெட்டி.

நான் எழுந்து ஓடவில்லை. அம்மா பக்கத்தில் வந்து பெட்டியை வைத்தாள், என் தலையைத் தொட்டாள், என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லி அதே பலகையில் உட்கார்ந்தாள். அவளுடைய அரிசிச் சட்டி ஆயிலோடு எதிரில் இருந்தது. அவள் அதையும் பார்த்தாள், அந்த இரண்டு பாதத்தையும் பார்த்தாள்.

"ஏட்டி, மினுக்கு இருக்கான்னு பாரு" என்றார் அப்பா அடியிலிருந்து.

அம்மா சட்டியை மெல்லச் சாய்த்தாள். "ஒண்ணும் இல்ல" என்றாள். "வெளிய வாங்க."

பாதம் இரண்டும் அப்படியே நின்றன. கடைசியில் அவர் வெளியே வந்தபோது முகம் முழுக்கக் கறுப்பு, கண்ணைத் துடைத்ததில் அது இன்னும் இழுவியிருந்தது. "வண்டி ரெடியாயிட்டு. கிளம்பலாம்னு இருந்தேன்" என்றார். "ம்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டது. மாடிக்குப் போனதும் அம்மா முதலில் என் தலையை அவிழ்த்தாள். தேங்காயெண்ணெய் வைத்துச் சீவி, பின்னி, கைப்பையிலிருந்து அந்தச் சிவப்புக் குஞ்சலத்தை எடுத்து என் சடையில் கட்டினாள். நான் ஒரு வருடத்துக்குள் அதில் ஒரு மொட்டைப் பள்ளியில் தொலைத்தேன். மீதி எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "வண்டி ரெடியானதும் வந்துட்டா." கட்டடத்திலும் அப்படித்தான் பேசினார்கள், பிடிவாதமாக இருந்து ஜெயித்துவிட்டார் என்று. எனக்கும் அது சந்தோஷமான கதையாகத்தான் இருந்தது, கல்யாணமாகி, மகள் பிறக்கும் வரைக்கும். மகளைத் தொட்டிலில் போட்டிருந்த நாட்களில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஒருநாள் சொன்னாள்.

"பாய் வீட்டம்மா வந்து சொன்னா, ஒம் புள்ளைக்கு கீழ்வீட்டு மராத்திக்காரிதான் தல பின்னுதாவன்னு. தங்கச்சி தலயத்தான் யாரோ அள்ளி முடிஞ்சா. ஒன் தலயுமான்னு இருந்து. அன்னைக்கே பெட்டிய எடுத்துட்டேன். அண்ணன் சொன்னாவ, கூப்பிடாமப் போறவளுக்குத் திரும்ப இந்த வாசல் கெடையாதுன்னு."

"அப்பா வருவாங்கன்னு நெனச்சியா?"

"தெனமும் பஸ் வார நேரத்துக்கு வாசல்ல நின்னேன். நடந்து வந்திருந்தாலும் போயிருப்பேன்."

பெரிய மாமா சொன்னபடியே செய்தார். அதற்கப்புறம் பொங்கலுக்குச் சீர் வரவில்லை, கல்யாணம் கார்த்திகைக்கு அழைப்பு வரவில்லை. அம்மா அதன் பிறகு கோபித்துக்கொண்டு போகவே இல்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். போவதற்கு அவளுக்கு இடம் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் காரில் அம்மா ஏறினாள், கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போனாள். முன் சீட்டில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல், அந்தச் சிவப்பு விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு போவாள். ஊருக்கு அந்தக் கார் ஒரு தடவைகூடப் போகவில்லை.

இப்போது என் விஷயம். மருமகனோடு ஒத்துவராமல் என் மகள் அம்பர்நாத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். மழை தொடங்கும்போது போனவள். அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. போனில் பேசுவாள். "மம்மி, கப் ஆயேகி? எப்ப வர்றே?" என்பாள். "வண்டிய ஒரு தடவ பாத்துட்டு வர்றேன்" என்பேன். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிறும் கோணியை விரித்து, என்ஜினைச் சூடாக்கி, அடியில் போய்ப் படுத்தேன். பிளக்கைத் திருகினேன். ஆயில் தடியாக விழுந்தது, கயிறானது, நூலானது. தலையைத் திருப்பி, ஆயில் பிடிக்க வைத்திருந்த தட்டைப் பார்த்தேன். ஊற்றிய நிறத்திலேயே இருந்தது. அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை.

நானே ஆயில் மாற்றுவதில் என்ன லாபம் என்று கேட்டீர்களே, இதுதான். கராஜ்காரன் மாற்றியிருந்தால் வண்டி எங்கேயும் போகவில்லை என்று என்னிடம் யார் சொல்வார்கள். அடியில் படுத்தபடி அந்த இரண்டு பாதத்தை நினைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியாதது எனக்கும் தெரியவில்லை. தனியாக நிற்கிற ஒரு பெண்ணின் கதவைத் தட்டி, முதல் வார்த்தை என்ன சொல்வது.

சொட்டு நிற்கும் வரை காத்திருக்கவில்லை. பிளக்கை மாட்டவில்லை, புது ஆயிலை ஊற்றவில்லை. கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, திலக் நகர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். குர்லாவில் இறங்கி அம்பர்நாத் வண்டியைப் பிடித்தேன். ஞாயிறானாலும் கூட்டம். கல்யாண் தாண்டிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது.

கதவைத் திறந்தவள் முதலில் என் கையைத்தான் பார்த்தாள். நக இடுக்கெல்லாம் கிரீஸ். தலை வாரியிருக்கவில்லை, அவளும் நானும்.

"கார எங்க நிறுத்தின மம்மி?"

"கார் வரல. ரயில்ல வந்தேன்" என்றேன். "உன்னை நம்ம வீட்டுக்குக் கூப்பிட வந்தேன்."

அவள் என் தோளுக்கு மேலாக எட்டி மாடிப்படியைப் பார்த்தாள், கூட வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று. யாரும் இல்லை. பிறகு பாதி திறந்திருந்த கதவை முழுதாகத் திறந்தாள்.